தட்டட்டும், விடுங்கள்: ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைக்கு இசைப் பொம்மையும் தனி விளையாட்டும்

என் மகன் நடக்கப் பழகிய சமயத்தில் நாத்தனார் ஒரு பேட்டரி பியானோ வாங்கி வந்தார். பன்னிரண்டு பட்டன், ஆறு பாட்டு, நாலு கலரில் மினுக்கும் விளக்கு. அவன் ஒரு பட்டனை அமுக்குவான், பொம்மை பாடும், அவன் என்னைத் திரும்பிப் பார்ப்பான். பாட்டு முடியும். மறுபடி அமுக்குவான், மறுபடி என்னைப் பார்ப்பான். நாலே நிமிடத்தில் எழுந்து அடுப்படிக்கு வந்து என் புடவையைப் பிடித்துக்கொள்வான்.

அதே பிள்ளைக்கு ஒரு நாள் சாம்பார்ச் சட்டி மூடியும் குழிக்கரண்டியும் கையில் கிடைத்தன. இருபது நிமிடம் என் பக்கமே திரும்பவில்லை. மூடியைக் கவிழ்த்து அடித்தான், மல்லாத்தி அடித்தான். இடது கையை மூடிமேல் அழுத்தி வைத்துக்கொண்டு அடித்தபோது சத்தம் செத்துப்போனது. கையை எடுத்தான், ‘ணங்’. திரும்பக் கையை வைத்தான், ‘டொக்’. எடுத்தான், ‘ணங்’. எத்தனை தடவை செய்தான் என்று நான் எண்ணவில்லை. குழம்பு அடிப்பிடித்தது மட்டும் நினைவிருக்கிறது.

பொம்மை தானாகப் பாடினால் பிள்ளைக்கு அங்கே வேலை இல்லை. அவன் கை அசைந்தால்தான் சத்தம், எப்படி அசைந்ததோ அப்படிச் சத்தம் என்று இருந்தால்தான் அவன் உட்காருவான். கூடவே, பக்கத்தில் இருக்கிற பெரியவர்களும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். முதலாவது விஷயம், பொம்மையைப் பார்த்து வாங்கினாலே சரியாகிவிடும். இரண்டாவதுதான் பெரும்பாடு. இரண்டையும் வரிசையாகச் சொல்கிறேன்.

தனி விளையாட்டு என்றால் என்ன

பிள்ளையைத் தனியாக விட்டுவிட்டு மார்க்கெட்டுக்குப் போவதல்ல. நீங்கள் அதே அறையிலோ, பார்வை படுகிற தூரத்திலோ இருப்பீர்கள். ஆனால் என்ன விளையாட, எப்படி விளையாட என்று முடிவு செய்வது பிள்ளை. அவ்வளவுதான்.

எத்தனை நிமிடம் என்று எல்லாரும் கேட்கிறார்கள். என் இரண்டு பிள்ளைகளிடம் பார்த்ததைச் சொல்கிறேன்: ஒரு வயதில் மூன்று முதல் ஐந்து நிமிடம், ஒன்றரை வயதில் பத்து நிமிடம், இரண்டு தாண்டியதும் பதினைந்து, இருபது. நல்ல தூக்கமும் வயிறு நிறையச் சாப்பாடும் இருந்தால் இது இரட்டிப்பாகும். பல் முளைக்கும் வாரத்தில் பூஜ்யம்தான். இந்தக் கணக்கை வைத்து உங்கள் பிள்ளையை அளக்க வேண்டாம்.

பிள்ளை தனக்குத்தானே சத்தம் எழுப்பி விளையாடுவதை நம்மவர்கள் எப்போதோ கவனித்துவிட்டார்கள். பிள்ளைத்தமிழில் ஒன்பதாம் மாதத்துக்குச் சப்பாணிப் பருவம்: கைகொட்டச் சொல்லிப் பாடுவது. ஆண்பாலில் சிறுபறைப் பருவம் என்றே ஒன்று உண்டு. முருகனாகவே இருந்தாலும் அவன் கையில் ஒரு சின்னப் பறையைக் கொடுத்து முழக்கச் சொல்லித்தான் புலவர் பாடுகிறார். அடுத்த வீட்டுக்காரர் என்ன சொன்னார் என்பதை அந்தப் பாட்டுகள் சொல்வதில்லை.

முதல் படி: இருக்கிற பொம்மைகளைப் பிரியுங்கள்

கடைக்குப் போகும் முன் வீட்டில் கிடப்பதை எல்லாம் ஒரு பாயில் கொட்டுங்கள். ஒவ்வொன்றையும் கையில் எடுத்து ஒரே ஒரு கேள்வி: நான் சும்மா இருந்தால் இதுவும் சும்மா இருக்குமா? பட்டனைத் தொட்டதும் முழுப் பாட்டு ஓடினால் இடது பக்கம். ஆட்டினால், தட்டினால், உருட்டினால் மட்டும், அதுவும் ஆட்டிய அளவுக்கு மட்டும் சத்தம் வந்தால் வலது பக்கம்.

இடது பக்கக் குவியலை எறிய வேண்டாம். பயணத்துக்கும் ஊசி போடப் போகும் நாளுக்கும் உதவும். அன்றாடத்துக்கு அது வேண்டாம் என்பதற்கு ஒரு ஆய்வும் இருக்கிறது. அமெரிக்காவில் வடக்கு அரிசோனா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அன்னா சோசா 2016-ல் வெளியிட்டது. 10 முதல் 16 மாதக் குழந்தைகள் 26 பேர் பெற்றோரோடு வீட்டில் விளையாடும் சத்தத்தைப் பதிவு செய்து பார்த்தார்கள். பேட்டரி பொம்மை இருந்த வேளையில் பெற்றோர் பேசிய சொற்கள் குறைந்துபோயின. படப் புத்தகத்தோடு ஒப்பிட்டால் குழந்தைகள் எழுப்பிய ஒலியும் குறைவு. பொம்மை பேசிக்கொண்டிருக்கும்போது மனுஷன் எங்கே பேசுவது?

பிரித்து முடித்தால் வலது பக்கத்தில் அநேகமாக ஒன்றோ இரண்டோதான் மிஞ்சும். பயப்பட வேண்டாம், நாலு போதும். அதற்கும் ஆய்வு உண்டு: டோலிடோ பல்கலைக்கழகத்தில் 2018-ல் 36 குழந்தைகளை ஒரு தடவை 4 பொம்மையோடும் இன்னொரு தடவை 16 பொம்மையோடும் விளையாட விட்டார்கள். நாலு மட்டும் இருந்தபோது ஒவ்வொன்றோடும் நீண்ட நேரம், விதவிதமாக விளையாடினார்கள்.

இரண்டாம் படி: வயதுக்குப் பொருத்தமாக எடுங்கள்

12 முதல் 18 மாதம் வரை ஆட்டுவதும் மோதுவதும்தான் வேலை. கிலுகிலுப்பை, ஒன்றோடொன்று தட்ட இரண்டு மரக்கட்டை, கவிழ்த்துப் போட்ட எவர்சில்வர் பாத்திரம், மரக்கரண்டி. கடையில் ‘குழந்தைகள் டிரம் செட்’ என்று விற்பதைவிட இட்லிப் பானை மேல். மேலே ஒரு சத்தம், பக்கவாட்டில் ஒரு சத்தம், உள்ளே இட்லித் தட்டை வைத்தால் மூன்றாவது சத்தம்.

எங்கள் பக்கம், திருநெல்வேலி வட்டாரத்தில், திருச்செந்தூர்க் கடைகளில் பனையோலைக் கிலுகிலுப்பை கிடைக்கும். அம்பாசமுத்திரம் பக்கம் மரச்செப்பு செய்கிறார்கள், குற்றாலக் கடைகளிலும் வாங்கலாம். செப்புச் சாமானில் சின்ன அம்மியும் குழவியும் நல்ல தாளக்கருவி என்று என் மகன்தான் கண்டுபிடித்தான். ஆனால் செப்பில் சின்னஞ்சிறு துண்டுகள் நிறைய, மூன்று வயதுக்குள் பெரியவற்றை மட்டும் எடுத்துக் கொடுங்கள். ஓலைக் கிலுகிலுப்பையைப் பிள்ளை வாயில் வைத்து ஈரமாக்கினால் இரண்டு வாரத்தில் ஓலை பிரியும், உள்ளே இருக்கிற கல் வெளியே வரும். கண்ணெதிரே மட்டும் கொடுப்பது, ஓலை நைந்ததும் தூக்கிப் போடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். கர்நாடகத்துச் சன்னபட்டணத்து மரக் கிலுகிலுப்பை அரக்குச் சாயம் பூசியது, கடைசலில் கடைந்தது, நீண்ட நாள் வரும்.

காலில் கிடக்கிற கொலுசும் இசைப் பொம்மைதான். நடக்கப் பழகுகிற பிள்ளைக்குத் தன் காலடியே சத்தமாகத் திரும்பி வருகிறது. அடுப்படியில் இருக்கிற அம்மாவுக்கும் பிள்ளை எந்த அறையில் இருக்கிறது என்று தெரிகிறது. கொலுசு முத்து கழன்று வருகிறதா என்று வாரம் ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

18 முதல் 24 மாதத்தில் கைக்கு ஒரு குச்சி பிடிபடும். சின்னப் பறை, கைமணி, உருட்டினால் ‘டக்கட டக்கட’ என்று அடிக்கிற திருவிழாக் கடை வண்டி. வண்டியில் கயிறு இருந்தால் ஒரு சாணுக்கு மேல் விடாதீர்கள், கழுத்தில் சுற்றும்.

வரிசையாக வைத்த தகடுகளைக் குச்சியால் தட்டுகிற சைலோபோன் இரண்டு வயதுக்கு மேல்தான் உண்மையில் பயன்படும். ஊதல், பீப்பீ வகையறா மூன்று தாண்டட்டும். ஊதத் தெரியாத பிள்ளை உறிஞ்சும், உள்ளே இருக்கிற தகடு தொண்டைக்குப் போகும்.

மூன்றாம் படி: சைலோபோனை மோகன ராகத்துக்கு மாற்றுங்கள்

இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். என் வீட்டில் இது ஒன்றுதான் மற்ற எல்லாப் பொம்மையையும் தோற்கடித்தது.

கடையில் எட்டுத் தகடு வைத்த சைலோபோன் விற்கிறார்கள். மரப் பட்டை வைத்ததற்குத்தான் சைலோபோன் என்று பெயர், உலோகத் தகடு வைத்தது வேறு வகை. கடைக்காரருக்கு இரண்டும் ஒன்றுதான், நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். பிரச்சினை, பாதிக்கு மேல் சுருதி சேராதவை. வண்ணம் பூசியிருக்கும், சுரம் இருக்காது.

கடையிலேயே கண்டுபிடிக்கலாம், ஸ்கேல் போதும். ஒரே தடிமனுள்ள தகட்டில் நீளம் குறையக் குறையச் சுருதி ஏறும், ஆனால் நீளம் பாதியானால் சுருதி இரட்டிப்பு என்ற கணக்கில் அல்ல, நீளத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழாக. கீழ் ச-வுக்கு 14 செ.மீ. தகடு என்றால் மேல் ச-வுக்கு ஏறக்குறைய 10 செ.மீ. வேண்டும். கடைசித் தகடு 7 செ.மீ. என்று பாதியாக இருந்தால், பார்க்க அழகாக ஏணிப்படிபோல் வெட்டியிருக்கிறார்கள், காதால் யாரும் கேட்டுப் பார்க்கவில்லை என்று பொருள்.

அடுத்தது ஆணி. தட்டும்போது தகட்டின் நடுவும் இரண்டு நுனியும் அதிரும். நீளத்தைப் பத்துப் பங்காக்கினால், நுனியிலிருந்து ஏறக்குறைய இரண்டே கால் பங்கு தள்ளி இருக்கிற இடம் மட்டும் அசையாது. 14 செ.மீ. தகட்டுக்கு நுனியிலிருந்து 3 செ.மீ. அங்கே ஆணி இருந்தால் நாதம் நீளும். நுனி ஓரத்தில் அடித்து இறுக்கியிருந்தால் ‘டொக்’ என்று நிற்கும். முதல் தகட்டையும் கடைசித் தகட்டையும் தட்டிக் கேளுங்கள். பாட்டு தெரிந்தவர் யாரையாவது கூட்டிப்போனால் நல்லது, இல்லையென்றால் சுருதி காட்டும் செயலி ஒன்றைப் போனில் இறக்கிக்கொண்டு போங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்.

வீட்டுக்கு வந்ததும் எட்டில் இரண்டு தகட்டை எடுத்துவிடுங்கள்: நாலாவதும் ஏழாவதும். ஆங்கில எழுத்து பொறித்திருந்தால் F-உம் B-யும். நம் கணக்கில் ம-வும் நி-யும். மிஞ்சுவது ச ரி க ப த, மேல் ச. மோகனம்.

ஏன் இந்த இரண்டு? எட்டுத் தகட்டில் க-வும் ம-வும் அரைச் சுரம் தள்ளி ஒட்டிக்கொண்டிருக்கின்றன, நி-யும் மேல் ச-வும் அப்படியே. ஒரே நேரத்தில் அடித்தால் காதில் உரசும். அந்த இரண்டு உரசலையும் எடுத்துவிட்டால் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு எதை எதோடு சேர்த்து அடித்தாலும் கேட்கும்படியாகவே இருக்கும். ஜெர்மன் இசையாசிரியர் கார்ல் ஓர்ஃப் சிறுவர்களுக்கான கருவிகளில் தகடுகளைக் கழற்றி மாட்டும்படி வைத்ததும், முதலில் ஐந்து சுரத்தோடு தொடங்கியதும் இதே காரணத்தால்தான். நமக்கு இது புதிதில்லை. ஐந்து சுரம் கொண்டதைத் ‘திறம்’ என்று தமிழிசையில் தனியாகவே வகுத்தார்கள். சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் வரும் முல்லைப் பண்தான் இன்றைய மோகனம் என்பது இசை ஆய்வாளர்கள் பலருடைய கருத்து. மாடு மேய்க்கிறவர்களின் ராகம் மாட்டைப்போல ஓடுகிற பிள்ளைக்கும் பொருந்துகிறது.

இதில் பெரியவர்களுக்கும் லாபம். சத்தம் சகிக்கும்படி இருந்தால் ‘போதும்டா’ என்று நாம் சொல்ல மாட்டோம். நாம் சொல்லாவிட்டால் அவன் நிறுத்த மாட்டான்.

தகட்டை ஆணியடித்து வைத்திருந்தால் கழற்ற வேண்டாம், ஆணி வெளியே வந்தால் ஆபத்து. ம, நி இரண்டின் மேலும் கனமான துணியைச் சுற்றி ஒட்டிவிடுங்கள், ஊமையாகிவிடும். திருகு வைத்ததாக இருந்தால் கழற்றிய தகட்டையும் திருகையும் ஒரு டப்பாவில் போட்டுப் பரணில் வையுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

குச்சி குட்டையாக, தலை பெரிதாக இருக்கட்டும். மெல்லிய நீளக் குச்சியை வாயில் வைத்துக்கொண்டு ஓடி விழுந்தால் தொண்டையில் குத்தும். எங்கள் வீட்டுச் சட்டம்: குச்சி உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் மட்டும். எழுந்தால் குச்சி என் கைக்கு வந்துவிடும். அழுதான், மூன்று நாளில் பழகினான்.

நாலாம் படி: ஆபத்து எது என்று பார்த்துவிடுங்கள்

மூன்று வயதுக்கு உட்பட்டவர்களின் பொம்மையைச் சோதிக்க ஒரு சின்ன உருளை வைத்திருக்கிறார்கள், அதன் விட்டம் 31.7 மி.மீ. அதற்குள் முழுதாக அடங்குகிற எதுவும் தொண்டையை அடைக்கக்கூடியது. டிஷ்யூ உருளையின் அட்டைக் குழாய் இதைவிடக் கொஞ்சம் அகலம், ஆகவே அதற்குள் போகிற எதையும் கொடுக்காமல் இருந்தால் இன்னும் பாதுகாப்பு.

வீட்டில் செய்யும் கிலுகிலுப்பை பற்றி நேராகச் சொல்கிறேன்: ஒன்றரை வயதுவரை செய்யாதீர்கள். அதற்குப் பிறகு செய்வதானால் கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்குக்கு அரிசியோ ரவையோ போட்டு, மூடியின் புரியில் பசை தடவித் திருகி, ஒரு நாள் காயவிட்டு, மேலே துணி உறை தைத்து, இடுப்பு உயரத்திலிருந்து பத்துத் தடவை கீழே போட்டுப் பார்த்த பிறகு கொடுங்கள். அரிசி ‘ஷ்ஷ்’ என்று மழைபோல் பெய்யும். புளியங்கொட்டை ‘கடகட’ என்று நன்றாகத்தான் இருக்கும், ஆனால் பாட்டில் உடைந்தால் அது தொண்டைக்குச் சரியான அளவு. கடலையும் பயறும் அப்படியே, ஈரத்தில் ஊறிப் பெருக்கும்.

குண்டுமணி கூடவே கூடாது. சிவப்பும் கறுப்புமாக அழகாக இருக்கிறது என்று கிலுகிலுப்பைக்குள் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதில் இருக்கிற அப்ரின் கடும் விஷம். ஆமணக்கு விதையும் அதே வகை.

அடுத்தது பட்டன் பேட்டரி. பாடுகிற வாழ்த்து அட்டை, மினுக்குகிற செருப்பு, கீச்சிடும் சின்னப் பொம்மை, டிவி ரிமோட் எல்லாவற்றிலும் இருக்கிறது. விழுங்கிய பேட்டரி உணவுக்குழாயில் மாட்டினால், அங்குள்ள ஈரத்தில் மின்சாரம் பாய்ந்து காரம் உண்டாகி, 2 மணி நேரத்துக்குள்ளேயே சதை வெந்துபோகும். வலி, இருமல் எதுவும் இல்லாமலும் இது நடக்கும். சந்தேகம் வந்தாலே 108-ஐக் கூப்பிட்டு எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஒரு வயது தாண்டிய பிள்ளை, விழுங்க முடிகிற நிலையில் இருந்தால், போகிற வழியில் 10 நிமிடத்துக்கு ஒரு தடவை 2 தேக்கரண்டி தேன் கொடுக்கலாம், மொத்தம் ஆறு தடவைக்கு மேல் வேண்டாம். தேன் தேடிக்கொண்டு நேரத்தைப் போக்க வேண்டாம். பேட்டரி மூடியைத் திருகாணி போட்டு முடுக்காத எந்தப் பொம்மையும் வீட்டுக்குள் வரக்கூடாது.

2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். கைவினைப் பொம்மை செய்கிறவர்களுக்கு விலக்கு உண்டு, ஆகவே திருவிழாக் கடையில் முத்திரையைத் தேடாதீர்கள், உங்கள் கண்ணும் நகமும்தான் முத்திரை. நகத்தால் சுரண்டினால் வண்ணம் உதிர்கிறதா, சிராய் இருக்கிறதா என்று பாருங்கள்.

சத்தத்தின் அளவையும் பாருங்கள். வேலை செய்யும் இடத்தில் 85 டெசிபலில் 8 மணி நேரம் என்பது பெரியவர்களுக்குப் பரிந்துரைக்கிற வரம்பு, 3 டெசிபல் ஏறினால் நேரம் பாதி. பொம்மைச் சத்தம் தூரத்தைப் பொறுத்தது: தூரம் பாதியானால் ஏறக்குறைய 6 டெசிபல் கூடும். நீங்கள் ஒரு மீட்டர் தள்ளி நின்று ‘பரவாயில்லையே’ என்று சொல்கிற பொம்மை, பிள்ளை கைக்குள் கால் மீட்டர் தூரத்தில் 12 டெசிபல் கூடுதலாக ஒலிக்கும். வாங்கும் முன் உங்கள் காதுக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்துக் கேளுங்கள். முகம் சுளித்தால் வேண்டாம். நாத்தனார் கொடுத்தது என்பதால் தூக்கிப் போட முடியாத பொம்மைக்கு ஸ்பீக்கர் ஓட்டைமேல் நாலு அடுக்கு டேப்.

ஐந்தாம் படி: இடம்

ஆறுக்கு ஆறு அடி போதும். அந்த மூலையில் பிளக் பாயிண்டு, தொங்கும் ஒயர், கதவு இடுக்கு, பூத்தொட்டி எதுவும் எட்டக்கூடாது. ‘தொடாதே’ என்று நீங்கள் ஒரு தடவைகூடச் சொல்லத் தேவையில்லாத இடமாக அது இருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால் நீங்கள் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. கீழே ஜமுக்காளத்தை நாலாக மடித்துப் போட்டு, மேலே கோரைப்பாய். கீழ்வீட்டுக்காரர்களுக்கும் நிம்மதி, மூடி விழும் சத்தமும் பாதியாகும்.

நாலு பொம்மையையும் தாழ்வான பலகையில் தள்ளித் தள்ளி வையுங்கள். கூடையில் கொட்டி வைத்தால் பிள்ளை கூடையைக் கவிழ்க்கும், அதுதான் விளையாட்டாகிவிடும். ஞாயிறுதோறும் இரண்டை எடுத்துவிட்டு வேறு இரண்டு. பிள்ளை எதை விடாமல் எடுக்கிறதோ அதை மாற்ற வேண்டாம்.

ஆறாம் படி: முதல் இரண்டு வாரம்

தூங்கி எழுந்து, சாப்பிட்டு, துணி மாற்றிய பிறகு. தினமும் அதே நேரம்.

முதல் மூன்று நாள் நீங்களும் பாயில் உட்காருங்கள். மூடியை ஒரு தடவை தட்டிக் காட்டலாம், ஒரே தடவைதான். பிறகு கையைக் கட்டிக்கொள்ளுங்கள். பிள்ளை உங்களைப் பார்த்தால் பதிலுக்குப் பாருங்கள், சிரியுங்கள், பேசாதீர்கள். ‘சூப்பர்! இன்னொரு தடவை அடி! இங்க அடி!’ எல்லாம் வேண்டாம். பாராட்டு என்று நாம் நினைப்பது அந்த வயதில் குறுக்கீடு. அவன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறான், நாம் நடுவில் புகுந்து நம் குரலைக் கேட்க வைக்கிறோம். பொம்மையைக் கொண்டுவந்து உங்கள் மடியில் வைத்தால் வாங்கி, ஒரு தடவை ஆட்டி, திருப்பிக் கொடுங்கள்.

நாலாம் நாள் கையில் ஒரு வேலை எடுத்துக்கொள்ளுங்கள். துணி மடிப்பது, கீரை ஆய்வது, வெங்காயம் உரிப்பது. போன் ஆகாது. போனைப் பார்த்தால் பிள்ளைக்கும் அதுதான் வேண்டும். நான் கீரை ஆய்வேன், அவன் மூடி தட்டுவான். பத்து நாளில் நான் காம்பை ஒடிக்கிற தாளத்துக்கு அவன் தட்டுவதுபோல் எனக்குத் தோன்றியது. தாய்க்குத் தோன்றுவதற்கெல்லாம் சாட்சி கிடையாது.

இரண்டாம் வாரம் பாயை விட்டு நாற்காலிக்கு, பிறகு வாசல்படிக்கு. நகரும்போது சொல்லிவிட்டு நகருங்கள்: “அம்மா துணி எடுக்கப் போறேன், வந்துருவேன்.” ஒரு நிமிடத்தில் திரும்பி வாருங்கள். கண்ணை மறைத்து நழுவினால், அடுத்த நாள் அவன் விளையாட மாட்டான், உங்களைக் காவல் காப்பான்.

சிணுங்கினால் மூன்று மூச்சு பொறுங்கள். பாதி நேரம் சிக்கலைத் தானே தீர்த்துக்கொள்வான். அழுதால் பொறுக்காதீர்கள், தூக்கிக்கொள்ளுங்கள்.

முடிவுக்கும் ஒரு சத்தம் வைத்துக்கொள்ளலாம். நாங்கள் பூஜை மணியை ஒரு தடவை அடிப்போம், பொம்மைகள் பலகைக்குப் போகும். நடுவில் வெடுக்கென்று பிடுங்கினால் அன்றைய நல்ல பெயர் எல்லாம் போச்சு.

வரக்கூடிய சிக்கல்கள்

எறிகிறான்: எறிந்தால் வரும் சத்தமும் அவனுக்குச் சத்தம்தான். கனமானதை எடுத்துவிட்டு, துணிப் பந்துக்குள் மணி வைத்துத் தைத்ததைக் கொடுங்கள். ஆள்மேல் அடித்தால் அன்றைக்குக் குச்சி கிடையாது, கையால் தட்டட்டும்.

மூத்த பிள்ளை பிடுங்குகிறாள்: ஒரே மாதிரி இரண்டு வாங்குங்கள். இந்த வயதில் சேர்ந்து விளையாடத் தெரியாது, பக்கத்துப் பக்கத்தில் அவரவர் விளையாட்டு. பிள்ளைகளின் விளையாட்டை ஆராய்ந்த அமெரிக்கர் மில்ட்ரெட் பார்ட்டன் 1932-லேயே இதைப் பிரித்து எழுதிவிட்டார். பகிர்ந்துகொள் என்று பாடம் எடுப்பது தொண்டைத் தண்ணீருக்குக் கேடு.

போன் பாட்டுதான் கேட்கிறான்: இரண்டு வயதுக்குள் திரை வேண்டாம், அதற்குமேல் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகாமல் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டல். பாட்டு வேண்டுமென்றால் திரையைக் கவிழ்த்து வைத்துப் போடுங்கள், விளையாட்டு நேரத்தில் அதையும் நிறுத்துங்கள். பின்னணியில் பாட்டு ஓடினால் அவன் தட்டுகிற சத்தம் அவனுக்கே கேட்காது.

பாட்டி: இது பெரிய சிக்கல். நாலாம் நாள் என் மாமியார் வந்து நின்றார். “ஏம்மா, பிள்ளய ஒத்தையில ஒக்கார வச்சுட்டு நீ கீரை ஆயுத?” “இல்லத்த, அவனே வெளையாடுதான், பாருங்க.” “ஆள் இல்லாமயா கெடக்கு வீட்ல?” என்று அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். அவன் கையில் கரண்டி, கண் மூடிமேல். நான் வாதாடவில்லை. மறுநாள் அவரிடமே கேட்டேன்: “அத்த, நான் குளிச்சுட்டு வாரதுக்குள்ள அவன் எத்தன விதமா சத்தம் எழுப்புதான்னு எண்ணிச் சொல்லுதீங்களா? நீங்க தட்டிக் காட்டப்புடாது.” வந்து கேட்டபோது ஏழு என்றார். ஏழாவது, மூடியைத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டு அடித்ததாம். அதற்குப் பிறகு யாராவது குறுக்கே போனால் அவரே “சத்தம் போடாத, பிள்ள வெளையாடுதுல்லா” என்கிறார்.

சத்தத்துக்கே திரும்பாத பிள்ளை: முதுகுப் பக்கம் கிலுகிலுப்பை ஆட்டினாலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் ஒரு வயதில் திரும்பவில்லை, ஒன்றரை வயதில் ஒரு சொல்லும் வரவில்லை என்றால் பொம்மையை விட்டுவிட்டுக் காது மருத்துவரைப் பாருங்கள். ‘அவன் அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்’ என்று சொல்வார்கள், கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். வலியில்லாத பரிசோதனைதான், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் செய்கிறார்கள். சீக்கிரம் தெரிந்தால் செய்யக்கூடியது நிறைய.

என் மகனுக்கு இப்போது இரண்டே முக்கால் வயது. போன மாதம் பரணைச் சுத்தம் செய்தபோது கழற்றி வைத்த ம, நி தகடுகள் டப்பாவோடு அகப்பட்டன. “இது?” என்றான். உன்னோடதுதான் என்று சொல்லி இரண்டையும் பழைய இடத்தில் திருகி வைத்தேன். க-வையும் ம-வையும் ஒன்றாக அடித்தான். காதில் உரசியது. மூக்கைச் சுருக்கி என்னைப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி அடித்தான், இந்தத் தடவை சிரித்தான். அன்றிலிருந்து அந்த இரண்டையும்தான் அடித்துக்கொண்டிருக்கிறான்.